இன்சுலின் அளவை எதனோடு சேர்த்துப் படிப்பது?

ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிரிடும் ஒருவர், சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் தம் 19 வயது மகளின் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு கேட்டிருக்கும் கேள்வி இது. கல்லூரி மருத்துவ முகாமில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், விடுமுறைக்கு வீடு வந்தபோது முழுப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 118 மில்லிகிராம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 149. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.3, வெறும் வயிற்று இன்சுலின் 6.4 மைக்ரோயூனிட், இரண்டு மணி நேரத்தில் 38. பெண்ணின் எடை 47 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். தாளின் அடியில், கணினி தானே கணக்கிட்டு அச்சிட்ட இரண்டு எண்கள் உள்ளன: இன்சுலின் எதிர்ப்பு 1.9, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் செயல்திறன் 42 சதவீதம். "இன்சுலின் நார்மலாக இருக்கிறது, ஒன்றுமில்லை" என்றார் ஒருவர். "பாதிக் கணையத்துக்கு மேல் செத்துவிட்டது, இப்போதே ஊசி தொடங்க வேண்டும்" என்றார் மற்றொருவர். தந்தைக்கும் பதினைந்து ஆண்டுகளாக 'லேசான சர்க்கரை' உண்டு. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் 115-க்கும் 125-க்கும் இடையிலேயே நிற்கிறது. யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

ஐயா, இருவர் சொல்வதும் சரியன்று என்பதே என் கருத்து. இருவரும் ஒரே பிழையை இரண்டு திசைகளில் செய்திருக்கிறார்கள். இன்சுலின் எண்ணைத் தனியே எடுத்துப் படித்ததுதான் அந்தப் பிழை. இன்சுலின் என்பது இரத்தத்தில் உள்ள சர்க்கரைக்குக் கணையம் தரும் மறுமொழி. எந்த அளவுச் சர்க்கரைக்கு, குடித்து எத்தனையாவது நிமிடத்தில் அது வந்தது என்ற இரண்டையும் விட்டுவிட்டால் 6.4 என்பதற்கோ 38 என்பதற்கோ பொருள் கிடையாது. இளம் வயதினரின் லேசான சர்க்கரை நோயில் இந்த இரண்டையும் பார்ப்பது இன்னும் முக்கியம். ஏனெனில் வெளியில் ஒன்றுபோலத் தெரியும் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் அந்த ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன.

கணையத்தின் பீட்டா செல்லுக்குள் சர்க்கரை நுழைந்தவுடன், குளுக்கோகைனேஸ் என்னும் நொதி அதைப் பிடித்து எரிபொருளாக்கும் பாதையில் தள்ளிவிடுகிறது. எரிந்து கிடைக்கும் ஆற்றல், செல் சுவரிலுள்ள பொட்டாசிய வாயில்களை மூடுகிறது. அவை மூடியதும் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வந்ததும் இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சுவரோடு இணைந்து வெளியே கொட்டுகின்றன. சுவரை ஒட்டி ஏற்கெனவே ஆயத்தமாக நிற்கும் பைகள் முதலில் கொட்டும். நரம்பு வழியே சர்க்கரையை ஏற்றினால் இந்த முதல் பாய்ச்சல் சில நிமிடங்களில் உச்சத்துக்குச் சென்று பத்தாவது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உள்ளிருந்து புதிதாக நகர்ந்து வரும் பைகளால் நிகழும் இரண்டாம் பாய்ச்சல் மெதுவானது. சர்க்கரை கூடுதலாக இருக்கும்வரை அது நீளும். அளவில் சிறிதானாலும் முதல் பாய்ச்சலின் பணி பெரிது: கணையத்திலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, "உணவு வந்துவிட்டது, நீ இனிச் சர்க்கரையை வெளியே விடாதே" என்று நிறுத்துவது அதுதான். அது தவறினால், உண்ட சர்க்கரையும் கல்லீரல் விடும் சர்க்கரையும் ஒன்றுசேர்ந்து அளவை ஏற்றிவிடும்.

இதை அளந்து பார்க்கும் வசதி 1960 வரை உலகில் இல்லை. நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் கதிரியக்க அணுக்களைக் கொண்டு இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை அவ்வாண்டு விரிவாக வெளியிட்டார்கள். நடுவயதில் வரும் சர்க்கரை நோயில் இன்சுலினே இருக்காது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக அமைந்தது. அந்நோயாளிகள் பலரின் இரத்தத்தில், குளுக்கோஸ் குடித்தபின், நோயற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதலான இன்சுலினே இருந்தது. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் "இன்சுலின் கூடுதல்" என்ற அந்த முடிவுக்குள் ஒரு மயக்கம் இருந்தது. லேசான சர்க்கரை நோயாளிகளை நிமிடக் கணக்கில் கவனித்த செல்ட்சரும் உடன் ஆய்வாளர்களும் 1967-இல் அதை விளக்கினார்கள். அந்நோயாளிகளுக்கு முதல் அரை மணி நேரத்தில் இன்சுலின் குறைவாகவே வருகிறது. அதனால் சர்க்கரை மேலே ஏறிவிடுகிறது. ஏறிய சர்க்கரை கணையத்தை நீண்ட நேரம் தூண்டிக்கொண்டே இருப்பதால் இரண்டாவது மணி நேரத்தில் இன்சுலின் மிகுதியாகத் தெரிகிறது. பந்தி முடிந்தபின் வந்து சேரும் சாம்பார் எத்தனை குடம் இருந்தால் என்ன? ஆகவே அரை மணி நேரத்தில் இன்சுலின் எவ்வளவு ஏறியது, அதே நேரத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறியது என்ற இரண்டையும் வகுத்துப் பார்க்கும் வழக்கம் தோன்றியது. தங்கள் மகளுக்கு முப்பதாவது நிமிடத்தில் இரத்தமே எடுக்கப்படவில்லை. இன்சுலினுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, இன்சுலின் சொல்லக்கூடிய முதன்மையான செய்தியை விட்டுவிட்ட பரிசோதனை அது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இளைஞர்களைப் பற்றிய தனி வரலாறும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஃபயன்ஸும் ஜெரோம் கானும், லேசான சர்க்கரை நோயுள்ள இளம் வயதினருக்கு டோல்புட்டமைடு மாத்திரை கொடுத்தபோது அவர்களின் சர்க்கரை தாங்கும் திறன் மேம்பட்டதை 1960-இல் எழுதினார்கள். இளம் வயதில் சர்க்கரை வந்தால் ஊசியின்றி உயிர்வாழ முடியாது என்று கருதப்பட்ட காலம் அது. அவர்களுள் பலருக்குத் தாய் அல்லது தந்தை, அவருக்கு முன் பாட்டி அல்லது தாத்தா என்று தலைமுறைதோறும் நோய் இறங்கி வந்திருந்தது. ராபர்ட் டாட்டர்சாலும் ஃபயன்ஸும் 1975-இல் அதைத் தனி வகையாக நிறுவினார்கள். முதிர்ந்த வயதில் வரும் வகையைப் போன்ற சர்க்கரை நோய் இளம் வயதிலேயே வருவது என்ற பொருளில், இன்று மருத்துவர்கள் எம்.ஓ.டி.ஒய். என்று சுருக்கிச் சொல்வது அதையே. அந்த இளைஞர்களின் இன்சுலின் மறுமொழி ஒரே மாதிரி இருக்கவில்லை. சிலருக்கு மிகக் குறைவு, சிலருக்குப் போதுமான அளவு. ஏன் இந்த வேறுபாடு என்பதற்கான விடை, 1992-இல் குளுக்கோகைனேஸ் மரபணுவிலும், 1996-இல், பீட்டா செல்லின் பிற மரபணுக்களை இயக்கும் எச்.என்.எஃப். வரிசையைச் சேர்ந்த இரண்டு மரபணுக்களிலும் பழுதுகள் கண்டறியப்பட்டபோதுதான் கிடைத்தது. நம் பக்கத்திலும் இது புதிய செய்தியன்று. சென்னையில் மு. விசுவநாதன், வி. மோகன், அ. ராமச்சந்திரன், சி. சினேகலதா ஆகியோர், இந்தியர்களிடையே இவ்வகை கணிசமாக உண்டு என்பதை 1985-லேயே எழுதிவிட்டார்கள்.

இனித் தங்கள் மகளின் எண்களுக்கு வருகிறேன். குளுக்கோஸ் குடித்தபின் 118 என்பது 149 ஆகியிருக்கிறது. ஏற்றம் வெறும் 31. இந்த 31-தான் அந்தத் தாளிலேயே என் கண்ணை முதலில் இழுத்த எண். அதை யாரும் அச்சிடவில்லை, நானாகக் கழித்துப் பார்த்தேன். முதல் பாய்ச்சலை இழந்த கணையம் 75 கிராம் குளுக்கோஸை இவ்வளவு அடக்கமாக எதிர்கொள்வது கடினம். வெறும் வயிற்றில் மட்டும் கூடுதல், உண்டபின் சிறிய ஏற்றம், ஒல்லியான உடல், அதே எண்ணில் பதினைந்து ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் தந்தை: இவை நான்கும் சேர்ந்தால் குளுக்கோகைனேஸ் வகையை முதலில் நினைக்க வேண்டும். அவ்வகையினருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் 100-க்கும் 145-க்கும் இடையில் இருக்கும், பத்தில் ஏழு பேருக்குக் குளுக்கோஸ் பரிசோதனையில் ஏற்றம் 54-க்குக் குறைவாகவே இருக்கும், எச்பிஏ1சி 7.6-ஐத் தாண்டுவது அரிது.

மேட்டூர் அணையை வைத்து இதைச் சொல்லலாம். நீர்மட்டம் 120 அடியை எட்டினால்தான் பதினாறு கண் மதகு வழியே உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். யாரோ ஒருவர் அளவுகோலைத் தவறாக நட்டு, 120 என்ற கோடு சற்று மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகில் பழுதில்லை, ஷட்டரில் துருவில்லை, திறக்கும் ஆட்களும் சோம்பேறிகள் அல்லர். ஆனாலும் நீர் எப்போதும் கொஞ்சம் உயரத்திலேயே நிற்கும், அந்த உயரத்திலிருந்து வெள்ளம் வந்தால் உடனே வெளியேற்றவும்படும். குளுக்கோகைனேஸ்தான் பீட்டா செல்லின் அந்த அளவுகோல். அதன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறந்தவர்களுக்கு 90-இல் கிளம்ப வேண்டிய மறுமொழி 120-க்கு அருகில் கிளம்புகிறது. கிளம்பியபின் அது ஏறத்தாழ முறையாகவே நடக்கிறது.

இப்போது அந்த 42 சதவீதத்தைப் பாருங்கள். அது கணையத்தை அளந்து வந்த எண் அன்று; 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கப்பட்ட ஒரு கணித மாதிரியின் விடை. வெறும் வயிற்று இன்சுலினை 360-ஆல் பெருக்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரையிலிருந்து 63-ஐக் கழித்து வருவதால் வகுக்கிறார்கள். தங்கள் மகளின் கணக்கில் 2304-ஐ 55-ஆல் வகுத்தால் 42 வந்துவிடுகிறது. எல்லாருக்கும் அளவுகோல் ஒரே இடத்தில் நடப்பட்டிருக்கிறது என்பது அந்தச் சூத்திரத்தின் அடிப்படை. கோடே இடம் மாறியிருக்கும் ஒருவருக்கு அதைப் பொருத்தினால், 118 என்ற சர்க்கரைக்கு 6.4 என்ற இன்சுலின் மிகக் குறைவு என்றுதான் அது சொல்லும். செல்கள் செத்தனவா, அல்லது காத்திருக்கின்றனவா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. பாதிக் கணையம் போய்விட்டது என்ற பேச்சு இந்த ஒரு வகுத்தலிலிருந்து வந்தது. அதே காரணத்தால், "6.4 நார்மல்" என்பதும் தவறு. 118 என்ற சர்க்கரை பழுதற்ற கணையத்தின் முன் வந்திருந்தால், 6.4-ஐவிடத் தெளிவாகக் கூடுதலான இன்சுலின் சுரந்து, சர்க்கரையைக் கீழே இறக்கியிருக்கும்.

வேறு மூவகை நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். செவ்வாய்ப்பேட்டையில் நாள் முழுதும் உட்கார்ந்து கொலுசுக்குப் பொடி வைக்கும், இடுப்பு பெருத்து, பிடரியில் கருமை படர்ந்த 24 வயது இளைஞரிடம் 118 இருந்தால், வெறும் வயிற்று இன்சுலின் 20-ஐத் தாண்டி, இரண்டு மணி நேரத்தில் 150-க்கும் மேலே போயிருப்பதைப் பார்க்கலாம். மிகுந்த இன்சுலின் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதைக் கேட்பதில்லை. முதல் பாய்ச்சலும் மங்கத் தொடங்கியிருக்கும். அவருக்கு மூன்றாண்டுகளில் 118 என்பது 160 ஆகலாம். நம்மவர்களில் ஒல்லியாகத் தோன்றுபவர்களிடமும் வயிற்றுக்குள் கொழுப்பு தேங்கி இந்த எதிர்ப்பு உண்டாவதால், எடையை மட்டும் நம்பி இதை விலக்கிவிட முடியாது. எச்.என்.எஃப். வரிசையில் ஒன்றான எச்.என்.எஃப்.1ஏ மரபணு பழுதானவர்களிடம் படம் தலைகீழ்: தொடக்கத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருக்கும், குளுக்கோஸ் குடித்தால் 90-க்கும் மேலே தாவும், இன்சுலின் மறுமொழி ஆண்டுக்காண்டு தேயும், இரத்தத்தில் பெரிதாக ஏறாத நிலையிலேயே சிறுநீரில் சர்க்கரை இறங்கும். இவர்கள் கிளிக்லசைடு போன்ற பழைய, விலை குறைந்த மாத்திரைக்கு மிகச் சிறிய அளவிலேயே வியக்கத்தக்க முறையில் கட்டுப்படுவார்கள். பொட்டாசிய வாயிலை அந்த மாத்திரை நேரே மூடிவிடுவதால், அதற்கு முந்திய படிகளிலுள்ள பழுது ஒரு பொருட்டாவதில்லை. மூன்றாவது, மெதுவாகத் தொடங்கும் முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோய். அதில் உடலின் சொந்த நோய் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அரித்துக்கொண்டிருக்க, முதல் பாய்ச்சலே முதலில் மறையும். இன்று லேசாகத் தெரிவது ஓராண்டில் ஊசியின்றி முடியாத நிலைக்குப் போகக்கூடும். மகளுக்கு விலக்க வேண்டிய ஆபத்து இது ஒன்றுதான்.

சேலத்தில் இருந்துகொண்டு மரவள்ளியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது; ஜவ்வரிசி ஆலைகளும் கிழங்குக் காடுகளும் உள்ள ஊரில் எல்லாரும் அதையே முதலில் கேட்கிறார்கள். கணையத்தில் கற்கள் உண்டாகி இளம் வயதில் சர்க்கரை வரும் ஒரு நோய் தென்னிந்தியாவில் உண்டு. கிழங்கிலுள்ள சயனைடுப் பொருள்தான் காரணமோ என்ற கருத்து 1979-இல் முன்வைக்கப்பட்டது. அது நிறுவப்படவில்லை, கிழங்கே உண்ணாதவர்களுக்கும் அந்நோய் வருகிறது. விட்டுவிட்டு வரும் வயிற்றுவலியும், எண்ணெய்ப் பசையுள்ள மலமும், மெலிவும் இருந்தால் ஒரு ஸ்கேன் போதும். மகளுக்கு அவை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து, இரத்தம் எடுத்த விதம். ஏற்காட்டில் காலையில் எடுத்த இரத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பகலில் சேலம் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது. ஃபுளோரைடு இல்லாத குழாயில், சிவப்பணுக்களைப் பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சிவப்பணுக்கள் குலுங்கி உடைந்தால் அவற்றிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்து, எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குச் சில இயந்திரங்கள் இன்சுலினைக் குறைவாக அளக்கின்றன; விடுதிப் பெண்களிடம் அம்மாத்திரை இப்போது மிகப் பரவலாக உள்ளதால் நான் தவறாமல் கேட்கிறேன். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். "பரிசோதனை நல்லபடியாக வரட்டும்" என்று ஒரு வாரம் சோற்றை நிறுத்திவிட்டு வருபவர்களுக்கு நேர்மாறாகவே நடக்கும்: பட்டினியில் பழகிய பீட்டா செல் மந்தமாகி, குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை அளவுக்கு மீறி ஏறும். முன் மூன்று நாள்களும் வழக்கமான சோறு, இட்லி உண்டு, நாளொன்றுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும்.

ஆகவே மகளைச் சேலத்திலேயே, ஆய்வகத்தில் நேரில் உட்காரவைத்து, மறுபடி ஒரு முறை 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்யுங்கள். 0, 30, 120 ஆகிய நிமிடங்களில் சர்க்கரையும், அவற்றோடு சி-பெப்டைடும் பார்த்தால் போதும். ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறோடும் ஒரு சி-பெப்டைடு சேர்ந்தே சுரக்கிறது. சுரக்கும் இன்சுலினில் ஏறக்குறையப் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது, சி-பெப்டைடை அது தொடுவதில்லை. இன்சுலின் சில நிமிடங்களில் மறைய, இது அரை மணி நேரமளவு நிற்கிறது. கணையம் எவ்வளவு சுரந்தது என்பதற்கு அதுவே நேர்மையான சாட்சி. கூடவே, முதல் வகை நோயைக் காட்டிக்கொடுக்கும் ஜிஏடி முதலிய எதிர்ப்பொருள்களும் ஒரு முறை. அவை இல்லையென்று வந்து, ஏற்றமும் முன்போலவே சிறிதாக இருந்தால், குளுக்கோகைனேஸ் மரபணுப் பரிசோதனைக்கு எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். செலவு உண்டு, ஆனால் விடை 'ஆம்' என்றால் ஊசி, மாத்திரை, உணவுக் கெடுபிடி ஆகிய எல்லாவற்றையும் வாழ்நாள் முழுதும் மிச்சப்படுத்தும் செலவு அது. அவ்வகையினருக்கு மருந்து கொடுத்தாலும் சர்க்கரை பெரிதாக இறங்குவதில்லை. அளவுகோல் இருக்கும் இடத்துக்கே உடல் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தச் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களை ஆராய்ந்தபோது, விழித்திரையில் சிகிச்சை தேவைப்படாத சிறு மாற்றங்கள் தவிர, சிறுநீரகமோ நரம்போ கெட்டிருக்கவில்லை.

ஒரு விலக்கு மட்டும் உண்டு, அதை மகளின் தாயாரிடமும் சொல்லிவையுங்கள். நாளை மகள் கருவுறும்போது, குழந்தைக்கு இந்த மரபணு இறங்கியிராவிட்டால், தாயின் 120-ஐக் குழந்தையின் கணையம் 'மிகுதி' என்று எடுத்துக்கொண்டு கூடுதல் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் கருவுக்கு வளர்ச்சி ஊக்கியும் என்பதால் குழந்தை பெருத்துவிடும். மரபணு இறங்கியிருந்தால் குழந்தையும் அதே அளவுகோலோடு இயல்பான எடையில் வளரும். அதனால் ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவைப் பார்த்துத்தான் அப்போது இன்சுலின் தேவையா என்று முடிவு செய்வார்கள். மகப்பேறு மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடி வரும்போது தாங்களும் அதே நாளில் வெறும் வயிற்றோடு வந்து, அதே குளுக்கோஸைக் குடித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய பரிசோதனைச் சீட்டுகள் எவையேனும் கிடந்தால், மங்கிப்போயிருந்தாலும், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு 117 அவற்றில் கிடைத்தால், மகளின் இன்சுலின் எண்கள் இரண்டைவிட எனக்கு அது கூடுதலாகப் பயன்படும்.